மிருதங்கக் கட்டை

மிருதங்கக் கட்டை என்பது மிருதங்கம் என்னும் தோற்கருவியின் மரத்தாலான உடற்பகுதி ஆகும். ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படும் இது நடுவில் பருத்தும், இரு வாய்களை நோக்கி ஒடுங்கியும் அமைந்திருக்கும். தென்னிந்தியாவில் இது பெரும்பாலும் பலா மரத்தால் செய்யப்படுகிறது. மிருதங்கத்தின் ஏனைய உறுப்புகளான வலந்தலை, தொப்பி, வார் ஆகியவை தேய்ந்து மாற்றப்படுபவை. கட்டை பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். ஆகவே பழைய மிருதங்கம் ஒன்று கைமாறும்போது கொடுக்கப்படும் விலை ஏறத்தாழ முழுவதும் கட்டைக்கு உரிய விலையே ஆகும். பழைய கட்டைகளின் மறுவிற்பனை மதிப்பு எவற்றைப் பொறுத்து அமைகின்றது என்பது இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகிறது.

சொற்பொருள்

கட்டை என்னும் சொல் தமிழிசை வழக்கில் இரு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, கருவியின் மர உடல். மற்றொன்று, பாடகரின் சுருதி அளவு. ஆர்மோனியத்தின் வெண்கட்டைகளை எண்ணும் வழக்கத்திலிருந்து வந்த இரண்டாவது பொருளின்படி, ஒரு கட்டை என்பது மேற்கத்திய இசையின் சி சுரத்தையும், ஐந்து கட்டை என்பது ஜி சுரத்தையும், ஐந்தரைக் கட்டை அதற்கு அரைச்சுரம் மேலான கருங்கட்டையையும் குறிக்கும். "ஒன்றரைக் கட்டைக்கு ஒரு கட்டை வேண்டும்" என்று ஒரு மிருதங்கக் கலைஞர் கேட்டால் அதில் முதற் கட்டை சுருதி, இரண்டாம் கட்டை மரம். புதியவர்கள் இவ்விடத்தில் குழம்புவது இயல்பு. இக்கட்டுரையில் இனி கட்டை என்பது மர உடலை மட்டுமே குறிக்கிறது.

மரம்

பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம் ஆகும். மிருதங்கம் மட்டுமன்றித் தவில், கஞ்சிரா, வீணை ஆகியவற்றின் உடலும் பலா மரத்தாலேயே செய்யப்படுகின்றது. முற்றிய மரத்தின் நடுப்பகுதியான வைரம் கறையானை எதிர்க்கக்கூடியது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் வைரம், காற்றும் ஒளியும் படப் பழுப்பாகிப் பின்னர் கருஞ்சிவப்பை அணுகும். (பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயமேற்ற ஒரு காலத்தில் பயன்பட்டது இந்த மஞ்சள் நிறமே.) நிறத்தைக் கொண்டு கட்டையின் வயதை மதிப்பிடும் பழக்கம் இதனால் உண்டானது. எனினும் மெருகெண்ணெயும் சாயமும் இந்நிறத்தை ஒரே நாளில் தந்துவிடும் என்பதால் நிறத்தை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. கட்டையின் உட்புறத்தில் எவரும் மெருகு பூசுவதில்லை. ஆதலால் உள்ளே உள்ள நிறமே நம்பத்தக்கது.

கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி வட்டாரம் பலாவுக்குப் பெயர்பெற்றது. கட்டை செய்வோரும் இவ்வட்டார மரத்தை விரும்புகின்றனர். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலில் இங்குள்ள பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் பலாத் தோப்புகளை அழித்தது. பழத்திற்காக நடப்படும் புதிய மரங்கள் சில ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் கட்டைக்கு ஏற்ற பருமனும் வைரமும் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பழைய கட்டைகளின் மதிப்பைப் பற்றிப் பேசுகையில் இக்கால இடைவெளியைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

அமைப்பும் செய்முறையும்

மிருதங்கக் கட்டைகள் பொதுவாக 22 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை நீளமுடையவை. நீளம் குறைந்தவை எச்சு சுருதிக்கும், நீளம் கூடியவை தக்கு சுருதிக்கும் பயன்படுகின்றன. வலப்பக்க வாய் இடப்பக்க வாயைவிடச் சிறியது. குறிப்பிட்ட ஒரு கட்டை குறுகிய சுருதி எல்லைக்குள்ளேயே நன்கு ஒலிக்கும். அதற்கு மேல் இழுத்தால் தோல் தாங்காது, கீழே தளர்த்தினால் நாதம் நிற்காது. ஆகவே மேடைக் கலைஞர்கள் பல மிருதங்கங்களை வைத்திருப்பது வழக்கம்.

அறுத்த மரத்துண்டின் வெளிப்புறம் செதுக்கி உருவாக்கப்பட்டு, உட்புறம் குடையப்பட்டு, பின் கடைசல் செய்யப்படுகின்றது. இடையில் மரம் உலர வேண்டும். மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். முழு மரத்துண்டுகள் மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் பிளப்பதற்கு இதுவே காரணம். குடைந்த கட்டையிலும் இந்த இழுவிசை ஓரளவு எஞ்சியிருக்கும். அது முழுவதும் தணியும்வரை கட்டை விரியலாம், வாய் வட்டம் மாறி நீள்வட்டமாகலாம். நன்கு உலராத மரத்தில் அவசரமாகச் செய்யப்படும் கட்டைகள் விற்ற பின்னர் வாங்கியவரின் வீட்டில் விரிகின்றன. பழைய கட்டை இந்தச் சோதனையை ஏற்கனவே கடந்துவிட்ட ஒன்று என்பதே அதன் முதல் மதிப்பு.

தேயும் உறுப்புகள்

வலந்தலையில் மாடு, ஆடு ஆகியவற்றின் தோல்கள் அடுக்குகளாக அமைகின்றன. அதன் நடுவே சோறு அல்லது கரணை எனப்படும் கரிய பூச்சு, வேகவைத்த அரிசியும் கிட்டக்கல் பொடியும் கலந்து படிப்படியாகத் தேய்த்து ஏற்றப்படுகிறது. இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பிசின் ஒட்டப்படும். இரு பக்கங்களையும் எருமைத் தோல் வார் இழுத்துப் பிடிக்கின்றது. தோலும் கரணையும் ஒவ்வொரு வாசிப்பிலும் தேய்பவை. தொழில்முறைக் கலைஞர்கள் வலந்தலையை அடிக்கடி மாற்றுகின்றனர். ஓர் ஆயுட்காலத்தில் ஒரே கட்டை எத்தனையோ மூட்டுகளைக் கண்டுவிடும்.

இத்தொழிலுக்குத் தேவை பச்சைத் தோல். திண்டுக்கல் நகரம் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலமாக அறியப்பட்ட ஊர் என்றாலும், பதனிட்ட தோல் மிருதங்கத்திற்கு உதவாது. பதனிடுதல் தோலை மென்மையாக்கி இழுவிசையைக் குறைத்துவிடும். மயிர் நீக்கி உலர்த்திய பதனிடாத தோலே விறைப்பாக நின்று ஒலிக்கும். அதே காரணத்தால் அது காற்றின் ஈரத்தை உடனே உறிஞ்சும். வத்தலக்குண்டு போன்ற வறண்ட சமவெளி ஊரில் சுருதி சேர்த்த மிருதங்கத்தை மலைப்பாதை வழியாக ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு மழைக்காலத்தில் எடுத்துச் சென்றால் சுருதி இறங்கிவிடும். மீண்டும் வார் பிடிக்க வேண்டும். கட்டையும் ஈரத்திற்கு ஏற்ப அசையும், ஆனால் தோலைவிட மிக மெதுவாக.

நாதம் கட்டையிலா, தோலிலா?

பழைய கட்டையில் நாதம் கூடும் என்பது கலைஞர்களிடையே பரவலான கருத்து. இதைப் பற்றிய அறிவியல் சான்று வேறு இடத்தைச் சுட்டுகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இயற்பியலாளர் ச. வெ. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் இந்திய முரசுகளின் இசைவுள்ள மேற்சுரங்களைப் பற்றி எழுதினார். 1934 இல் இதனை விரிவான ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். சாதாரண வட்டத் தோலின் அதிர்வு வகைகள் ஒன்றுக்கொன்று இசைவற்றவை. மிருதங்கத்தில் நடுவே ஏற்றப்படும் கரணை, முதல் ஒன்பது அதிர்வு வகைகளை ஐந்து இசைவுச் சுரங்களாகத் திரட்டிவிடுகிறது என்பதே இராமனின் கண்டுபிடிப்பு. அதாவது மிருதங்கத்தைச் சுருதியுள்ள கருவியாக்குவது கரணையும் அதனை ஏற்றும் கையும் ஆகும்.

கட்டைக்கு இதில் பங்கே இல்லை என்று இதனால் கொள்ளக்கூடாது. வாயின் விட்டம், விளிம்பின் சமம், உட்குழியின் கொள்ளளவு, சுவரின் தடிமன் ஆகியவை ஒலியைப் பாதிக்கின்றன. விளிம்பு ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால் எவ்வளவு நல்ல மூட்டும் எல்லாப் பக்கமும் ஒரே சுருதியில் நிற்காது. நல்ல கட்டை மோசமான மூட்டைக் காப்பாற்றாது. மோசமான கட்டை நல்ல மூட்டைக் கெடுத்துவிடும் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். ஆனால் மறுவிற்பனையில் விலை பெறுவது கட்டை மட்டுமே. நாதத்தின் பெரும்பகுதியை உண்டாக்கிய தோலுக்கு அங்கு விலை கிடையாது. வாங்குபவர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டுப் புதிது மூட்டக் கொடுப்பார்.

பழைய கட்டையை மதிப்பிடுதல்

பழைய கட்டைகள் தோல் மூட்டிய நிலையிலும், வெறுங்கட்டையாகவும் விற்கப்படுகின்றன. வெறுங்கட்டையாக வாங்குவதே பாதுகாப்பானது. மூட்டிய நிலையில் விளிம்பும் உட்புறமும் மறைந்துவிடுகின்றன, பெரும்பாலான குறைகள் இருப்பதோ அவ்விரு இடங்களில்தான்.

முதலாவதாக விரிசல் பார்க்கப்படுகின்றது. வெளியே தெரியாத மயிரிழை விரிசல், கட்டையின் உள்ளே விளக்கை வைத்து இருட்டறையில் பார்த்தால் தெரியக்கூடும். மரத்தூளும் பசையும் கலந்து அடைத்த விரிசல் மெருகுக்கு அடியில் நேர்கோடாகத் தெரியும். அந்த இடத்தில் மரத்தின் இழையோட்டம் அறுந்திருக்கும். நடுவில் மட்டும் உள்ள, அடைத்து நெடுநாளாகியும் வளராத விரிசல் பெரிய குறையாகக் கருதப்படுவதில்லை. வாயை எட்டிய விரிசல் கட்டையின் மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடும், ஏனெனில் தோலின் முழு இழுவிசையும் விழுவது அங்கேதான்.

அடுத்தது விளிம்பு. சமதளமான கண்ணாடியின் மேல் வாயைக் கவிழ்த்து வைத்தால் மேடுபள்ளம் தெரிந்துவிடும். விளிம்பைச் சமப்படுத்தலாம்; ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டையின் நீளம் சிறிது குறைகிறது, உடல் சரிவாக இருப்பதால் வாயின் விட்டமும் சற்றுக் கூடுகிறது. பல முறை இழைக்கப்பட்ட கட்டை தன் பழைய சுருதியிலிருந்து விலகிவிட்டிருக்கும். எடை குறைப்பதற்காக உட்புறத்தை மீண்டும் குடைந்த கட்டைகளும் உள்ளன. இவை தூக்கிச் செல்ல எளிதாயினும் சுவர் மெலிந்திருப்பதால் விரியும் வாய்ப்பு மிகுதி. இவை தவிர வண்டு துளைகளும் கவனிக்கத்தக்கவை. துளையிலிருந்து புதிய மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே உள்ளது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் வாங்குபவரின் சுருதிக்குப் பொருந்தாத கட்டை அவருக்கு மதிப்பற்றது. பழைய கட்டைகளுக்கு எல்லோருக்கும் பொதுவான சந்தை விலை உருவாகாமைக்கு இது ஒரு காரணம். நல்ல கட்டைகள் பலவும் சந்தைக்கே வருவதில்லை என்பது மற்றொரு காரணம். அவை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் விலையின்றிச் செல்கின்றன.

கட்டையில் இல்லாத பெயர்

பெரும்பாலான பழைய கட்டைகளில் செய்தவரின் பெயரோ, ஆண்டோ, எண்ணோ பொறிக்கப்பட்டிருப்பதில்லை. மரத்தைக் குடைந்து கட்டை செய்பவர் ஒருவர், தோல் மூட்டுபவர் மற்றொருவர். இருவரின் அடையாளமும் கருவியில் எஞ்சுவதில்லை. எஞ்சும் பெயர் அதை வாசித்தவருடையது. ஒரு கட்டை புகழ்பெற்ற வித்துவானிடம் இருந்தது என்று கூறப்பட்டால் அதன் மதிப்பு உயரும்; அக்கூற்றை உறுதிப்படுத்தப் புகைப்படமும் வாய்மொழியும் தவிரப் பொதுவாக வேறு வழியில்லை.

மிருதங்கத்தின் தோல் வேலையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பத்தினர் செய்து வந்துள்ளனர். பாலக்காடு மணி ஐயருக்கு (1912–1981) மிருதங்கங்கள் செய்து தந்த பர்லாந்து இவர்களுள் அறியப்பட்டவர். மணி ஐயர் நாடிய ஒலி மாற்றங்களைத் தோலிலும் கரணையிலும் நடைமுறைப்படுத்தியவர் அவர். கலைஞரின் பெயரால் மட்டும் அறியப்பட்ட இந்த வேலையை டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியான செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கில நூலில் ஆவணப்படுத்தினார். மாட்டுத் தோலையும் சாதியையும் பற்றி அந்நூல் பேசியதால் விவாதம் எழுந்தது. சென்னை கலாசேத்திராவில் நடைபெறவிருந்த அதன் வெளியீட்டு விழாவுக்கு அளித்த இசைவை அந்நிறுவனம் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடைபெற்றது.

மறுவிற்பனையின் நோக்கில் இதன் விளைவு தெளிவானது. வயலின் சந்தையில் செய்தவரின் பெயரே விலையை முடிவு செய்கிறது. மிருதங்கத்தில் செய்தவருக்கு ஒவ்வொரு மூட்டுக்கும் கூலி உண்டு. கருவி பழையதாகி மதிப்புக் கூடும்போது அம்மதிப்பில் அவர் பெயருக்கோ குடும்பத்திற்கோ பங்கில்லை.

அக்ரிலிக் டிரம்சுடன் ஒப்பீடு

மேற்கத்திய டிரம்ஸ் கருவியில் நிலைமை வேறு. அங்கும் தோல் தேய்பொருள், உடலே விலைபெறுவது. ஆனால் உடலில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1970களின் அக்ரிலிக் டிரம்ஸ் ஆகும். அமெரிக்காவின் கேன்சஸ் நகரைச் சேர்ந்த பில் சிக்கோஸ் ஒளி ஊடுருவும் டிரம்களை முதலில் செய்தவராக அறியப்படுகின்றார். சிகாகோவின் லுட்விக் நிறுவனம் 1972 இல் விஸ்டாலைட் என்ற பெயரில் இவற்றை வெளியிட்டது. லெட் செப்பெலின் குழுவின் ஜான் போனம் 1973 முதல் 1975 வரை அம்பர் நிற விஸ்டாலைட்டை மேடையில் வாசித்தார். அதன் 26 அங்குல பாஸ் டிரம் 1973 இல் நியூயார்க்கில் படமாக்கப்பட்டு 1976 இல் வெளிவந்த இசைப்படத்தில் இடம்பெற்றது. அன்று முதல் அந்த நிறமும் அந்த அளவும் சேகரிப்போரால் மிகுதியாகத் தேடப்படுகின்றன. பல நிறப் பட்டைகளைக் கொண்டவையும் அரியவை.

லுட்விக் 1981 இல் செல்மர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அசல் விஸ்டாலைட் உற்பத்தி 1980களின் தொடக்கத்தில் முடிவுற்றது. 2001 இல் மறுவெளியீடு தொடங்கியது. 1984 இல் தொழிற்சாலை வட கரோலினாவின் மன்றோ நகருக்குச் சென்றுவிட்டபடியால், சின்னத்தில் சிகாகோ என்று இருக்கிறதா, மன்றோ என்று இருக்கிறதா என்பதைக் கொண்டே பழையதையும் புதியதையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். மிருதங்கக் கட்டையில் இத்தகைய எளிய சோதனை ஏதும் இல்லை.

முதுமை இரு பொருள்களிலும் எதிரெதிராக வேலை செய்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. பலா மரம் காலப்போக்கில் இழுவிசை தணிந்து உறுதி பெறுகிறது. அக்ரிலிக் அவ்வாறு உறுதி பெறுவதில்லை. தகட்டை வளைத்து ஒட்டிய இணைப்பும், திருகுக்காகத் துளைத்த இடங்களும் ஆண்டுகள் செல்லச் செல்ல விரிகின்றன. மதுசாரம் அல்லது அம்மோனியா கலந்த துடைப்பான் பட்டால் மேற்பரப்பில் நுண்விரிசல் வலை தோன்றும். ஆகவே விரிசலில்லாத பழைய விஸ்டாலைட் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. விலை உயர்வுக்கு அதுவும் ஒரு காரணம். இந்திய வெளிநாட்டு வணிகக் கொள்கையின்படி மூலதனப் பொருட்கள் அல்லாத பழைய பொருட்களை இறக்குமதி செய்வதற்குத் தனி இசைவு தேவை என்பதால், இத்தகைய பழைய டிரம்களை வணிக முறையில் இங்கு தருவிப்பதும் எளிதன்று.

செயற்கைக் கட்டைகள்

மிருதங்கத்திலும் செயற்கைப் பொருட்கள் நுழைந்துவிட்டன. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் இசைக்கலைஞருமான கே. வரதரங்கன் கண்ணாடியிழைக் கட்டையும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கத்தை உருவாக்கினார். வாருக்கு மாற்றாகத் திருகாணிகள் அமைந்த மிருதங்கங்களும் விற்பனையில் உள்ளன. தவிலில் இம்மாற்றம் முன்னரே முழுமை பெற்றுவிட்டது. இன்று மேடையில் காணும் தவில்களில் தோல் வாருக்குப் பதிலாக எஃகுக் குழாய்களும் திருகாணிகளுமே உள்ளன.

கண்ணாடியிழைக் கட்டை விரிவதில்லை, ஈரத்தால் அசைவதில்லை, எடை குறைவு. பயிற்சிக்கும் பயணத்திற்கும் ஏற்றது. ஆனால் ஒரே அச்சில் வார்க்கப்படுவதால் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு இல்லை. எனவே அரிய பழம்பொருள் என்ற மதிப்பு அதற்கு எளிதில் உண்டாகாது. பழம் பிளாஸ்டிக் டிரம்சைத் தேடி வாங்கும் உலகில் இதை உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது.

விற்க முடியாத பழங்கருவி

பழைய தோற்கருவிகள் எல்லாவற்றுக்கும் மறுவிற்பனை மதிப்பு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. மிருதங்கத்துடன் பக்கவாத்தியமாக வரும் கஞ்சிராவும் பலா மரச் சட்டம் கொண்டதே. அதன் தோல் மரபாக உடும்பினுடையது. உடும்பு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் ஆகும். ஆகவே உடும்புத் தோல் கஞ்சிராவை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம். எவ்வளவு பழையதாயினும், எவர் வாசித்ததாயினும் இது பொருந்தும். ஆட்டுத் தோல், செயற்கைத் தோல் கஞ்சிராக்கள் இப்போது கிடைக்கின்றன. பழைய கஞ்சிராவில் சட்ட முறைப்படி விலைபோகக் கூடியது தோல் நீக்கிய மரச் சட்டம் மட்டுமே.

வெளிநாடுகளில்

தமிழர் குடியேறிய நாடுகளில் மிருதங்கம் கற்போர் பெருகியதால் பழைய கட்டைகள் கடல் கடந்தும் செல்கின்றன. கனடா போன்ற குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் உட்காற்று மிகவும் வறண்டது. சென்னையின் ஈரத்திற்குப் பழகிய புதிய கட்டை அங்கு முதல் குளிர்காலத்திலேயே விரியக்கூடும். கருவியை உறையிலிட்டு, வெப்பக் காற்று வரும் துவாரத்திலிருந்து விலக்கி, ஈரப்பதமூட்டி உள்ள அறையில் வைப்பது வழக்கம். ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் உயிர்ப்பாதுகாப்பு விதிகளின்படி மரமும் பச்சைத் தோலும் கொண்ட கருவிகளை வந்திறங்கும் இடத்தில் அறிவித்துச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். வண்டு துளையோ மயிரோ காணப்பட்டால் கருவி நுண்ணுயிர் நீக்கத்திற்கு அனுப்பப்படும், அல்லது திருப்பி அனுப்பப்படும். இக்காரணத்தால் அந்நாடுகளுக்குச் செல்லும் பழைய கட்டைகளை வெறுங்கட்டையாக, துளைகளை அடைத்து, தூய்மைப்படுத்தி அனுப்புவது நல்லது. ஆனால் தோல் மூட்டும் தொழில் அறிந்தவர்கள் அங்கு மிகச் சிலரே என்பதால், அவ்வாறு சென்ற கட்டை மீண்டும் ஒலிப்பதற்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மூட்டுகளைத் தருவிக்க வேண்டியுள்ளது.